ஊர் எழுதாத முகவரி

நீடாமங்கலத்திலிருந்து இரண்டு கடிதங்கள் புறப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று சென்னையில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு. மற்றது ராணுவத்தில் இருக்கும் சித்தப்பாவுக்கு. முதல் உறையில் கதவு எண், தெரு, ஊர் எல்லாம் உண்டு. இரண்டாவதைப் பாருங்கள்: ராணுவ எண், பதவி, பெயர், படைப்பிரிவு, அதன் கீழே '56 ஏ.பி.ஓ.' ஊர்ப் பெயரே இல்லை! ஆயினும் கடிதம் போய்ச் சேருகிறது. எப்படி?

ஊரை ஏன் மறைக்க வேண்டும்? ஒரே ஓர் உறையால் பெரிய ரகசியம் எதுவும் வெளிப்பட்டுவிடாது. ஆனால் ஆயிரம் உறைகளின் மேல்விலாசத்தைப் பார்க்கும் பகைவன், எந்தப் படை எங்கே நகர்கிறது, எங்கே குவிகிறது என்று வரைபடமே போட்டுவிடுவான். கடிதத்தைப் பிரிக்கக்கூட வேண்டியதில்லை.

இயற்கணிதத்தில் மாறிலி, மாறி என்று படித்திருக்கிறீர்கள். படைப்பிரிவின் பெயர் மாறிலி; அது இருக்கும் இடம் மாறி. உறையில் மாறிலியை மட்டும் எழுதுகிறோம். மாறியின் மதிப்பு மத்திய தள அஞ்சலகத்துக்குத் தெரியும். இத்தகைய அஞ்சலகங்கள் இரண்டு. 56 ஏ.பி.ஓ. கடிதங்கள் டில்லியில் உள்ளதற்கும், 99 ஏ.பி.ஓ. கடிதங்கள் கொல்கத்தாவில் உள்ளதற்கும் செல்கின்றன. நம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிவதுபோல, அங்கே கடிதங்கள் பிரிக்கப்பட்டு அந்தந்தப் படைப்பிரிவு இருக்கும் திசையில் பைபையாகப் போகின்றன. படை இடம் மாறினால் அங்குள்ள பட்டியலில் ஒரு வரி மாறும். நீங்கள் எழுதும் முகவரியில் ஓர் எழுத்தும் மாறாது.

பையை வாங்கிக்கொள்வது படையுடனேயே செல்லும் கள அஞ்சலகம். அதன் முத்திரையிலும் எண்தான் இருக்கும், ஊர் இருக்காது. ஆகவே சித்தப்பா எழுதும் பதிலும் இடத்தைக் காட்டிக்கொடுக்காது. (கைபேசி அப்படியன்று. அது தன் இருப்பிடத்தை ரேடியோ அலைகளால் சொல்லிக்கொண்டே இருக்கும்.) சித்தப்பா இருக்கும் ஊர் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும், சீக்கிரம் போகட்டும் என்று அதை உறையில் எழுதாதீர்கள். யாராவது அந்த ஊர்ப் பையில் போட்டுவிட்டால் கடிதம் சுற்றிக்கொண்டுதான் போகும்.

போர் மூண்ட பிறகு இவ்வளவையும் உண்டாக்க முடியுமா? முடியாது. 1856-இல் பாரசீகம் சென்ற இந்தியப் படையுடனேயே கள அஞ்சலகமும் சென்றது. 1972 மார்ச் 1-இல் ராணுவ அஞ்சல் பணி தனிப் பிரிவாயிற்று. அதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அஞ்சல் துறையிலிருந்து விரும்பி வந்த ஊழியர்களே. நேற்றுவரை கவுண்டரில் தபால்தலை விற்றவர், நாகபுரிக்கு அருகிலுள்ள காம்ப்டியில் பயிற்சி பெற்றுச் சீருடை அணிகிறார். அமைதிக் காலத்திலும் இந்த ஏற்பாடு ஒரு நாள்கூட நிற்பதில்லை. போருக்கான ஆயத்தமே இதுதான்.

அதே 1972-இல், ஆகஸ்ட் 15 அன்று, பின்கோடு வந்தது. நீடாமங்கலத்தின் 614404-இல் முதல் எண்ணாகிய 6, தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலத்தைக் குறிக்கும். இவ்வாறு 1 முதல் 8 வரை ஒவ்வொன்றுக்கும் நிலப்பரப்பு உண்டு. ராணுவ அஞ்சலுக்கு உரியது 9. அதை மட்டும் வரைபடத்தில் தேடாதீர்கள்!