நேரமில்லாதவர்களுக்கு உடற்பயிற்சி: எங்கே ஆரம்பிப்பது?



"பாஸ்டர், டாக்டர் நடக்கச் சொல்றார். எனக்கு நேரம் எங்கே இருக்கு?" வீடு சந்திக்கப் போகிற இடமெல்லாம் இதே வார்த்தைதான். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, பஸ் பிடித்து வேலைக்குப் போய், இருட்டின பிறகு திரும்புகிறவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனாலும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் நமக்கு நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருக்காது. இருக்கிற நேரத்துக்குள்ளேயே ஆரம்பிப்பது எப்படி என்று இந்த மாதம் படிப்போம்.

1. வேலைக்குள்ளே இருக்கும் பயிற்சி

1953-ல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ் ஊழியர்களைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். டிரைவர் உட்கார்ந்தே இருந்தார்; கண்டக்டர் நாள் முழுதும் படி ஏறி இறங்கினார். ஒரே பஸ், ஒரே ரோடு. ஆனால் இருதய நோய் கண்டக்டர்களுக்குக் குறைவாக இருந்தது. அந்தப் படிகளுக்காக அவர்கள் தனியாக நேரம் ஒதுக்கவில்லை. அது அவர்கள் வேலையின் பங்கு.

2. எவ்வளவு வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கொடுத்த அளவு, பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு. மிதமானது எது? நடக்கும்போது பேச முடியவேண்டும், ஆனால் பாட மூச்சு வரக்கூடாது. அதுதான் வேகம். ஒரே மூச்சில் 10 நிமிஷமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு சொன்னார்கள். இப்போது அந்த நிபந்தனை இல்லை. ஐந்து நிமிஷமும் கணக்கில் சேரும்.

"வீட்டு வேலையே பயிற்சிதானே?" என்று சகோதரிகள் கேட்பதுண்டு. மூச்சு வாங்கும்படி துணி துவைத்து, வீடு கழுவினால் அதுவும் சேரும். அடுப்படியில் நின்றுகொண்டிருப்பது மட்டும் சேராது.

3. எதோடு கட்டுவது?

"நேரம் கிடைக்கும்போது நடப்பேன்" என்கிறவர் நடக்கமாட்டார். நாள் தவறாமல் செய்கிற ஒரு காரியத்தோடு கட்டிவிடுங்கள். காலை ஜெபம் முடிந்து எழுந்ததும், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், பஸ்ஸில் ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி, இப்படி ஏதாவது ஒன்று. முதல் வாரம் 5 நிமிஷம் போதும். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டி 30 நிமிஷத்துக்கு வாருங்கள். அப்படி வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் 150 ஆகிவிடும்.

தசைக்கும் வாரத்தில் இரண்டு நாள் வேலை வேண்டும். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை வைத்துப் பத்து முறை தள்ளுங்கள். வயதான காலத்தில் விழாமல் நடக்க இந்தப் பெலன் உதவும்.

4. நடுவிலே விட்டுப்போனால்?

அநேகர் தோற்பது இங்கேதான். மழை, காய்ச்சல், கல்யாண வீடு என்று இரண்டு நாள் போகும். "அவ்வளவுதான், விட்டாச்சு" என்று உட்கார்ந்துவிடுவார்கள். புதுப் பழக்கம் எப்படி ஊன்றுகிறது என்று லண்டனில் ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டார்கள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு எட்டு மாதம், சராசரி 66 நாள். ஒரு நாள் தவறினதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை என்றும் கண்டார்கள். ஆகையால் தவறின நாளை எண்ணாதீர்கள். மறுநாள் எழுந்து நடங்கள்.

5. ஜாக்கிரதை

இருதய நோய் உள்ளவர்களும், நெடுநாள் அசையாதிருந்தவர்களும் முதலில் டாக்டரைக் கேளுங்கள். நடக்கையில் நெஞ்சு அடைத்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் சர்க்கரை குறையக்கூடும் என்பதால் பையில் மிட்டாய் வைத்திருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவேண்டாம்.

இந்த வாரம் செய்யவேண்டியது:

அ. எந்த வேலையோடு நடையைக் கட்டுவீர்கள்? ஒரே வரியில் எழுதி, காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள்.

ஆ. வீட்டில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் சோர்ந்தால் மற்றவர் எழுப்பலாம்.

இ. அடுத்த ஞாயிறு ஒருவரையொருவர் பார்க்கும்போது, "எத்தனை நாள் நடந்தீங்க?" என்று கேளுங்கள்.

திங்கட்கிழமைக்குக் காத்திராதேயுங்கள். இன்றைக்கே ஐந்து நிமிஷம்.