முகம் தெரியணும், அம்மா

அன்புள்ள மருமகளுக்கு,

போன ஞாயிறு நீ ஒளியமைத்த நாடகத்தைக் கடைசி வரிசையிலிருந்து பார்த்தேன். கே.கே. நகருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஒரே ஒரு இடம்தான் மனதை உறுத்திக்கொண்டு வந்தது. மகனின் கடிதத்தை அந்த அம்மாள் படிக்கிற காட்சி. மேடை முழுக்க நீலம். மேலே மூவிங் ஹெட் விளக்கு சுழல்கிறது. கைதட்டலும் விழுந்தது. ஆனால் மூன்றாவது வரியில் அவர் உதடு துடிக்குமே, அது யாருக்கும் தெரியவில்லை. ஒத்திகையில் நான் அதைப் பார்த்திருந்தேன். நீ அன்று வரவில்லை.

ஒத்திகைக்குப் போ, அம்மா. முதல் நாளிலிருந்தே போ. நடிகர் எந்த வார்த்தையில் திரும்புகிறார், எங்கே மூச்சை இழுக்கிறார் என்பது கன்சோலில் ஏறாது. உன் கண்ணில்தான் ஏற வேண்டும்.

நான் தொழில் பழகியது உப்புத் தண்ணீர் டிம்மரில். பீங்கான் குழாயில் உப்புக் கரைத்த தண்ணீர், அடியில் ஒரு ஈயத் தகடு, மேலே கயிற்றில் தொங்கும் இன்னொரு தகடு. கயிற்றைத் தளர்த்தினால் தகடுகள் நெருங்கும், மேடையில் வெளிச்சம் ஏறும். இழுத்தால் இறங்கும். நீண்ட காட்சியென்றால் தண்ணீர் சூடாகி ஆவி பறக்கும். கதாநாயகி அழுது முடிக்கும்வரை கயிற்றை விரல்விரலாக விட்டுக்கொண்டே நிற்பேன். அவர் மூச்சு எனக்குப் பழகிப்போனது அங்கேதான். அந்த ஆபத்தான சாதனம் ஒழிந்தது நல்லதுதான், திரும்பி வரவே வேண்டாம். ஆனால் உன் விரல் ஃபேடரை நகர்த்தும்போது அந்தக் கயிறு நினைவிருக்கட்டும். இன்னொன்று: ஹாலஜனைக் குறைத்தால் அது தானாகவே சிவந்து, மாலை வெயில் மாதிரி அடங்கும். எல்இடி அப்படி அடங்காது. அதே நிறத்தில் மங்கும். அந்தச் சிவப்பை நீதான் கலந்து கொடுக்க வேண்டும்.

கல்கத்தாவில் தபஸ் சென் என்று ஒரு மேதை இருந்தார். 1959இல் மினர்வா தியேட்டரில் உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகம். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து தொழிலாளர்கள் மூழ்குகிறார்கள். மேடையில் அந்த வெள்ளத்தை எழுப்பியது அவருடைய ஒளி. ஜனங்கள் நடுங்கிப்போனார்கள். வித்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பார். அங்கே வித்தை மூழ்குகிற மனிதர்களுக்காக வந்தது.

வாக்னரின் இசைநாடகங்களுக்கு மேடை எப்படி அமைய வேண்டும் என்று சிந்தித்த ஸ்விட்சர்லாந்துக்காரர் அடால்ஃப் அப்பியா, 1890களிலேயே ஒளியை இரண்டாகப் பிரித்தார். எங்கும் பரவி நிற்பது ஒன்று. உடலையும் முகத்தையும் சிற்பம்போல் வடித்துக் காட்டுவது மற்றொன்று. நீ பிறந்து வளர்ந்த ஸ்ரீரங்கத்தில் இந்தப் பாடம் தெருவிலேயே நடக்கிறது. இரவுப் புறப்பாட்டில் தெரு விளக்கின் பரவல் ஒளியில் கூட்டம் தெரியும். தீவட்டி பக்கவாட்டில் நெருங்கும்போதுதான் உற்சவர் நம்பெருமாளின் மூக்கும் கன்னமும் எழுந்து வரும். அடுத்த முறை சேவித்துவிட்டு ஓடிவிடாதே. தீவட்டி எந்த உயரத்தில் வருகிறது, எட்டப் போனதும் முகம் எப்படித் தட்டையாகிறது என்று நின்று பார். பக்க ஒளியை எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

முகத்தில் விழும் நிறத்தையும் பார்த்துக்கொள். நம் மாநிறத்துக்கு இளம் ஆம்பர் நிறம் பொருந்தும். பச்சை விழுந்தால் முகம் சாம்பலாகிவிடும்.

கடைசியாக, கரண்ட் விஷயம். ஆயிரம் வாட் ஹாலஜன் ஒன்று 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். 15 ஆம்பியர் பிளக்கில் மூன்றுக்கு மேல் மாட்டாதே, யார் சொன்னாலும் சரி. சின்ன வயதில் ஒரு மண்டபத்தில் எர்த் இல்லாத லைட் ஸ்டாண்டைத் தொட்டுவிட்டேன். வலது உள்ளங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அந்தக் கடிதக் காட்சிக்கு மறுபடி உட்காருவோம். இடப்பக்கம் ஒரே ஒரு விளக்கு, மார்பளவு உயரம், ஆம்பர். மற்றதெல்லாம் அணைந்திருக்கட்டும். புதன்கிழமை ஒத்திகை ஆறு மணிக்கு என்றார்கள். அந்த அம்மாளையும் கொஞ்சம் முன்னாடியே வரச் சொல். நான் ஐந்தரைக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் கே.கே. நகர் மாமா