அடுத்த பகுதியில் என்ன?

நுழையும்முன்

திரைப்படம் முடிந்ததும் அதைப் பற்றிய பேச்சு தொடங்குகிறது. அப்பேச்சை எவ்வாறு நிகழ்த்துகிறோம், எந்த மொழியில் நிகழ்த்துகிறோம் என்பவை எண்ணிப் பார்க்கத்தக்கவை. அந்தமான் தீவுகளில் வாழும் தமிழ் மாணவர்களுக்கு இவ்விரு வினாக்களும் மிகவும் பொருந்தும்.

ரசிகர்களின் உரையாடல்

மார்வெல் நிறுவனத்தின் சூப்பர் ஹீரோ திரைப்பட வரிசை 2008ஆம் ஆண்டில் ‘அயர்ன் மேன்’ படத்துடன் தொடங்கியது. ஒரு படத்தில் விழுந்த முடிச்சு மற்றொரு படத்தில் அவிழும். 2019 ஏப்ரல் 26 அன்று இந்தியாவில் வெளியான ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ அவ்வரிசையின் 22ஆவது படமாகும். கதை இவ்வாறு தொடர்வதால், அடுத்து என்ன நிகழும் என ஊகிப்பதும் ரசிகர்களுக்கு இன்பமாயிற்று.

எண்ட்கேமின் தமிழ்ப் பதிப்புக்கு இயக்குநர் ஏ.ஆர். முருகதாஸ் உரையாடல் எழுதினார். அயர்ன் மேனுக்கு நடிகர் விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். இது பெரும் விவாதத்தை எழுப்பியது. முந்தைய படங்களில் கேட்டுப் பழகிய குரலை மாற்றியது தகாது என ரசிகர் பலர் வருந்தினர். மக்கள் அறிந்த நடிகரின் குரல் புதிய பார்வையாளரை ஈர்க்கும் என்பது எதிர்வாதம். அமெரிக்க நாயகன் ஒருவன் தமிழில் எந்தக் குரலில் பேச வேண்டும் என்று தமிழர் வாதிட்டனர். அந்நாயகனை அவர்கள் தம்மவனாகவே ஏற்றுக்கொண்டனர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

தீவுகளுக்கு வந்த இணைப்பு

அந்நாளில் அந்தமானின் இணையச் சேவை செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. வேகம் குறைவு, கட்டணம் மிகுதி. சென்னையிலிருந்து கடலடியில் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளத்திற்கு இடப்பட்ட கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. ஐந்து மாதங்கள் கழித்து, 2021 ஜனவரி 15 அன்று, ‘வாண்டாவிஷன்’ என்னும் மார்வெல் இணையத் தொடர் வெளியாகத் தொடங்கியது. சென்னை ரசிகர் காணும் நாளிலேயே தீவு ரசிகரும் அத்தகைய தொடரைக் காணும் வழி பிறந்தது.

ஒன்பது பகுதிகள் கொண்ட அத்தொடர் வாரந்தோறும் வெளிவந்தது. மெஃபிஸ்டோ என்னும் தீய பாத்திரமே எல்லாவற்றுக்கும் காரணம் என உலகெங்கும் ரசிகர் பலர் நம்பினர். காட்சிகளில் சிறு குறிப்புகளைத் தேடித் தொகுத்தனர். ஆனால், இறுதிவரை மெஃபிஸ்டோ தோன்றவே இல்லை. சூழ்ச்சி செய்தவள் அகதா என்னும் சூனியக்காரி. தேடிய குறிப்புகள் உண்மையே. அவற்றிலிருந்து எட்டிய முடிவுதான் பிழை. ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளியை இந்நிகழ்வு காட்டுகிறது.

நல்ல விவாதத்தின் நெறிகள்

‘அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே’ 2026 டிசம்பர் 18 அன்று வெளியாகும் எனவும், அயர்ன் மேனாக நடித்த ராபர்ட் டௌனி ஜூனியர் அதில் டாக்டர் டூம் என்னும் எதிர்நாயகனாக நடிப்பார் எனவும் மார்வெல் அறிவித்தது. இது அறிவிப்பு. அவ்விரு பாத்திரங்களுக்கும் கதையில் உறவு உண்டு என்று ஒருவர் கூறினால், அது ஊகம். இரண்டையும் பிரித்துச் சொல்வதே விவாதத்தின் முதல் நெறி.

பிறர் மகிழ்ச்சியைக் கெடுக்காமை இரண்டாம் நெறி. எண்ட்கேமின் முடிவை வெளியிட வேண்டா என அதன் இயக்குநர்களே ரசிகர்களைக் கேட்டுக்கொண்டனர். சென்னையிலிருந்து ஏறத்தாழ மூன்று நாள் கப்பலில் பயணம் செய்து வரும் நண்பர் புதிய பகுதியைப் பார்த்திருக்கமாட்டார். அவர் பார்க்கும்வரை காத்திருப்பது பண்பாகும்.

எந்த மொழியில்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இத்தீவுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளம், இந்தி, தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி ஆகியவையும் இங்கு ஒலிக்கின்றன. பல மொழியினர் கூடும் இடத்தில் இந்தி பொதுமொழியாவது இயல்பே. ஆயினும், சோறு கேட்கவும் நலம் விசாரிக்கவும் மட்டும் தமிழ் என்றாகிவிட்டால், அம்மொழி சமையலறையோடு நின்றுவிடும். விரும்பியதைப் பற்றி வாதிடவும், மறுக்கவும், வியக்கவும் பயன்படும் மொழியே வளரும்.

தமிழுக்கு இது புதிதன்று. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதை வாசகர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். ஊகம், சான்று, திருப்பம், மறுப்பு ஆகிய சொற்கள் நம்மிடம் ஆயத்தமாக உள்ளன. அடுத்த பகுதி வெளியாகும்போது, வீட்டிலும் தமிழ் நண்பரிடமும் அவற்றை எடுத்து ஆளலாம்.

சொல்லும் பொருளும்

ஊகம் – குறிப்புகளைக் கொண்டு எண்ணிக் கூறுவது
முடிச்சு – கதையில் விடை தெரியாத சிக்கல்
வடம் – தடித்த கம்பி அல்லது கயிறு
நெறி – ஒழுகும் முறை

வினாக்கள்

1. தமிழ்க் குரல் பற்றிய விவாதத்தில் நீ எந்தப் பக்கம்? இரண்டு காரணங்கள் தருக.
2. ‘வாண்டாவிஷன்’ ரசிகர்களின் ஊகம் ஏன் பிழையாயிற்று?
3. நீ விரும்பும் தொடர் ஒன்றைப் பற்றி ஓர் அறிவிப்பும் ஓர் ஊகமும் தனித்தனியே எழுதுக.
4. அத்தொடரின் அடுத்த பகுதியைப் பற்றி உன் தாத்தா அல்லது பாட்டியிடம் தமிழில் விளக்கிக் கூறுக. அவர் கேட்ட கேள்விகளை எழுதி வருக.