பெட்ரோலும் டீசலும் இல்லாமல்: கேள்வி - பதில்

கேள்வி: டீசல் ஆட்டோவைக் கொடுத்துவிட்டு மின்சார ஆட்டோ எடுக்கலாமா? ஸ்டாண்டு ஓட்டத்துக்குத் தாங்குமா?
- ஆட்டோ ஓட்டுநர், உதியன்குளங்கரை

பதில்: தாங்கும். சின்னச் சின்ன சவாரி, நின்று நின்று போகிற ஓட்டம். அதில்தான் டீசல் வீணாகிறது. மின்சார மோட்டார் நிற்கும்போது எதையும் தின்பதில்லை. ஒரு யூனிட்டுக்குச் சுமார் பத்து கிலோமீட்டர் என்று வைத்து, உங்கள் டீசல் செலவைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆறாலும்மூட்டில் கேரளா ஆட்டோமொபைல்ஸ் 1978 முதல் இருக்கிறது. 2019-ல் 'நீம் ஜி' மின்சார ஆட்டோவை இறக்கி, மறு வருடமே நேபாளத்துக்கும் அனுப்பியது. எந்தக் கம்பெனி வண்டியானாலும் மூன்று பேரை ஏற்றி, வெள்ளறடைப் பக்கத்து ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள். மிச்சமாகும் டீசல் காசில் ஒரு பங்கைத் தினமும் பேட்டரிக்கென்று எடுத்து வையுங்கள். அதைச் செய்யாதவர்கள்தான் மின்சார வண்டி நஷ்டம் என்று சொல்லித் திரிகிறார்கள்.

கேள்வி: வீட்டு சிலிண்டரை வேனில் மாட்டி ஓட்டலாமா?
- தனுவச்சபுரம்

பதில்: கூடாது. குற்றம் மட்டுமல்ல, வண்டியில் இருக்கும் எல்லாருக்கும் ஆபத்து. இன்றே கழற்றுங்கள்.

கேள்வி: எங்கள் விளையில் ரப்பர் கொட்டை சும்மா அழுகுகிறது. ஆட்டி எண்ணெய் எடுத்து, டீசலோடு கலந்து பிக்கப்பில் ஊற்றினேன். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. இப்போது புகை, இழுவையும் இல்லை. டீசல் எஞ்சின் முதலில் கடலை எண்ணெயில் ஓடியது என்கிறார்களே?
- ரப்பர் விவசாயி, வெள்ளறடை

பதில்: முதலில் டேங்கைக் காலி செய்து, இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது உண்மைதான். அது மெதுவாகச் சுற்றும் அந்தக்கால எஞ்சின். இன்றைய பிக்கப்பில் ஆயிரம் பார் அழுத்தத்துக்கு மேல், மயிரிழைத் துளை வழியே டீசல் பீய்ச்சப்படுகிறது. ரப்பர் கொட்டை எண்ணெய் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டி. துளித் துளியாக விழும், முழுக்க எரியாது, இன்ஜெக்டர் நுனியில் கரி பிடிக்கும், ரிங் ஒட்டிக்கொள்ளும், மிச்சம் கீழே இறங்கி எஞ்சின் ஆயிலைக் கெடுக்கும். காற்றுப் பட்டால் உலர்ந்து பிசினாகும் எண்ணெய் வேறு; பெயிண்டுக்கு இதை வாங்குவதே அதற்காகத்தான்.

ஆனால் கொட்டையின் மேல் குற்றமில்லை. பருப்பில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். கோழிக்கோடு என்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2005-லேயே அதை வண்டிக்கு ஏற்றதாக மாற்றும் வழியை எழுதி வெளியிட்டார்கள். இந்த எண்ணெயில் அமிலம் அதிகம். நேராகக் காரம் சேர்த்தால் சோப்பாகிவிடும். ஆகவே முதலில் மெத்தனாலும் சிறிது கந்தக அமிலமும் சேர்த்து அமிலத்தைக் குறைக்க வேண்டும். பிறகு மெத்தனாலும் காரமும். அடியில் தங்கும் கிளிசரினைப் பிரித்து, மேலே நிற்பதைக் கழுவி உலர்த்தினால் பயோடீசல். அடுக்களையில் செய்கிற வேலை அல்ல இது: மெத்தனால் கண்ணைப் பறிக்கும், ஆவி சட்டென்று பற்றும்.

சங்கம் செய்யலாம். பாலுக்கும் ஷீட்டுக்கும் ரப்பர் உற்பத்தியாளர் சங்கம் வைத்திருக்கிற நமக்குக் கொட்டை மட்டும் ஏன் குப்பை? ஆடி, ஆவணி மழையில் நனைந்து கிடக்கும் ஒவ்வொரு நாளும் அமிலம் ஏறுகிறது. விழுந்த சூட்டில் பொறுக்கி உலர்த்தினாலே பாதி வேலை முடிந்தது. அதைக்கூடச் செய்யாமல், டீசல் விலை ஏறும்போது மட்டும் சாலை மறிக்கிறோம். வருகிற சங்கக் கூட்டத்தில் நீங்களே எழுந்து இதைக் கேளுங்கள்.

கேள்வி: தண்ணீரில் ஓட வைக்கும் கிட் விற்கிறார்கள். வாங்கலாமா?
- அமரவிளை

பதில்: வாங்காதீர்கள். தண்ணீர் ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். 1996-ல் மூலிகைப் பெட்ரோல் என்ற மோசடியை நம்பியது போதும்.

கேள்வி: மின்சார ஸ்கூட்டரைச் சார்ஜ் போட்டால் பிளக் சுடுகிறது. சுவிட்ச் போர்டில் நுழையவில்லை என்று ஒரு காலை வெட்டியிருந்தேன்.
- பாறசாலை

பதில்: வெட்டியது எர்த் கால். மழைக்காலத்தில், ஈரத் தரையில் நின்று வண்டியைத் தொடும் உங்கள் பிள்ளையைக் காப்பாற்றுவது அந்தக் கால்தான். புது பிளக், 16 ஆம்பியர் சாக்கெட், அதற்குத் தனி வயர், சரியான எர்த். எக்ஸ்டென்ஷன் கேபிள் வேண்டவே வேண்டாம். எலக்ட்ரீஷியன் வந்து முடிக்கும்வரை, கேரள மின்வாரியம் (கே.எஸ்.இ.பி.) மின்கம்பத்தில் வைத்திருக்கும் சார்ஜரில் போடுங்கள்.

கேள்வி: என் பைக் 2012 மாடல். எத்தனால் கலக்காத பெட்ரோல் களியக்காவிளையில் கிடைக்குமா?
- இஞ்சிவிளை

பதில்: மாநில எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே இருபது சதவீதக் கலவைதான். அங்கே விலை சில ரூபாய் குறைவு, அவ்வளவே. பெட்ரோலைவிட எத்தனாலில் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும்; அதற்காகப் பைக்கை விற்க வேண்டாம். பழைய ரப்பர் ஹோஸையும் கார்ப்பரேட்டர் வாஷர்களையும் மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் பாதி டேங்கோடு வாரக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள்.

கேள்வி: மின்சார ஆட்டோவின் கூரையில் சோலார் பேனல் வைத்தால் சார்ஜே போட வேண்டாம்தானே?
- நெய்யாற்றின்கரை

பதில்: இடம் போதாது. சதுர மீட்டருக்குச் சுமார் இருநூறு வாட். நாள் முழுக்க வெயிலில் நின்றாலும் ஒன்றிரண்டு யூனிட் தேறும். வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு 2017 முதல் 'ஆதித்யா' படகு சூரிய ஒளியில் ஓடுகிறது என்றால், அது 75 பேர் ஏறும் படகு. கூரையும் அவ்வளவு பெரிது. பேனலை வீட்டு மொட்டை மாடியில் வையுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன், பகலில் கிடைக்கும் மின்சாரத்துக்கு இரவில் எப்படிக் கணக்கு வைக்கிறார்கள் என்று கே.எஸ்.இ.பி. செக்‌ஷன் ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.