வேகம் கேபிளுக்கு, சமம் காலுக்கு

நண்பர் வீட்டு மொட்டைமாடியில் சின்னக் கச்சேரி. டிரம் மெஷினில் 80 பிபிஎம் வைத்து, அதைக் கேட்டுக்கொண்டே லூப்பர் பெடலில் ஓர் ஆவர்த்தனம் கிட்டார் பதித்து ஓடவிட்டேன். கூட ஒரு கஞ்சிரா லூப். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, டிரம் ஒரு பக்கம் இழுக்க, கிட்டார் இன்னொரு பக்கம் நொண்டியது. கீழே இறங்கும்போது வந்திருந்த மிருதங்க வாத்தியார் கேட்டார்: "தம்பி, நீ சமத்துல மிதிக்கிறியா, சமம் போனப்புறம் மிதிக்கிறியா?"

சமம் என்றால் ஆவர்த்தனத்தின் முதல் தட்டு. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 80 பிபிஎம்மில் ஓர் அட்சரம் முக்கால் விநாடி. ஆதி தாளத்தின் எட்டு அட்சரமும் சேர்ந்தால் 6 விநாடி. நான் பத்தில் ஒரு பங்கு விநாடி பிந்தி மிதித்தால் லூப் 6.1 விநாடி ஆகிவிடும். ஏழெட்டுச் சுற்றில் ஒரு முழு அட்சரம் காணாமல் போகும். லூப்பர் மட்டும் தனியாக ஓடினால் இந்தப் பிசகு அவ்வளவாகத் தெரியாது. அடுத்தடுத்த அடுக்குகள் எல்லாம் முதல் லூப்பின் நீளத்தையே பின்பற்றும். இன்னொரு இயந்திரம் பக்கத்தில் வந்ததும்தான் குட்டு வெளிப்படும்.

அதன்பிறகு நான் பழகிக்கொண்டவை இவை.

மூடும் இடம் ஒன்பதாவது தட்டு. எட்டாவது அட்சரத்தை வாசித்த கையோடு மிதிப்பதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு. அடுத்த சமத்தில்தான் மிதிக்க வேண்டும். பதிவை ஆரம்பிக்கும் முன் இரண்டு ஆவர்த்தனம் சும்மா வாசியுங்கள், கால் தானாகச் சமத்துக்கு வந்துவிடும். உங்கள் பெடல் மிதித்ததும் வேலை செய்கிறதா, காலை எடுத்ததுமா என்பதையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

இரண்டு கருவி என்றால் மிடி கேபிள். எவ்வளவு பழகிய காலானாலும் சில மில்லிவிநாடி தவறும். மிடி கிளாக் ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும். அதை எண்ணி லூப்பர் தன் நீளத்தைச் சரிசெய்துகொள்ளும். ஒரு கருவிதான் தலைமை, மற்றது அதைக் கேட்டு நடக்க வேண்டும். ஆனால் அந்தத் துடிப்பில் வேகம் மட்டுமே இருக்கிறது, சமம் எது என்ற தகவல் இல்லை. அதனால் தலைமைக் கருவியின் ஸ்டார்ட் பட்டனிலிருந்தே இரண்டையும் சேர்த்துக் கிளப்புங்கள்.

லூப்பின் நீளத்தை முழு பாராகத் திருத்தும் குவாண்டைஸை முழுக்க நம்பாதீர்கள். ஆதி தாளம் லூப்பருக்கு வெறும் 4/4-ல் இரண்டு பார். கொஞ்சம் தாமதித்தால் அடுத்த பார் முடியும்வரை பதிவை நீட்டும் கருவிகள் உண்டு. மூன்று பாரில் மூடிவிட்டு அது பாட்டுக்கு ஓடும். பன்னிரண்டு அட்சர லூப்பின் மேல் எட்டு அட்சரப் பாட்டு எப்படி உட்காரும்?

கார்வையை வெட்டாதீர்கள். கடைசி நோட்டின் ரீங்காரம் அடுத்த சுற்றுக்குள்ளும் வழியும். பதிவிலிருந்து நேராக பிளேவுக்குப் போனால் அது மூட்டில் கத்தரித்தாற்போல் அறுபட்டு, சுற்றுக்கு ஒரு முறை 'டிக்' என்று கேட்கும். நான் ஓவர்டப்பில், அதாவது லூப் ஓட ஓட அதன்மேலேயே பதியும் நிலையில், மூடுகிறேன். கம்பிமேல் கை வைக்காமல் இரண்டு அட்சரம் காத்திருந்தால், மிச்சமுள்ள ஒலி லூப்பின் தொடக்கத்திலேயே போய்ப் படிந்துவிடும். அப்புறம் பிளே.

மைக் வைத்தால் ஸ்பீக்கரைக் கவனியுங்கள். கஞ்சிராவைப் பதிக்கும்போது ஸ்பீக்கரில் ஓடும் பழைய லூப்பும் மைக்குக்குள் நுழைகிறது. நாலு அடுக்கு ஏறியதும் எல்லாம் குழம்பிக் கூழாகிவிடும். மைக்கைத் தோலுக்கு அருகில் வையுங்கள், ஸ்பீக்கரைக் குறைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

மேடைக்கு முன் ஒரு சோதனை. டிரம்மோடு ஒரே ஒரு லூப்பை ஓடவிட்டு, எழுந்துபோய்க் காபி குடித்துவிட்டு வாருங்கள். 80 பிபிஎம்மில் 5 நிமிடம் என்பது 50 ஆவர்த்தனம். திரும்பி வந்து கையால் தாளம் போட்டுப் பாருங்கள். சமம் சமத்தில் விழுந்தால் மட்டும் அடுத்த அடுக்கைப் பதியுங்கள். இல்லையென்றால் தயங்காமல் அழித்துவிட்டு, முதல் லூப்பிலிருந்து ஆரம்பியுங்கள்.