சரிவில் ஒரு முற்றம்

மழை பெய்கிறது. வீட்டைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. அதன் நிறம் சிவப்பு. ஓடுவது தண்ணீர் மட்டும் அல்ல. மண்ணும் சேர்ந்து ஓடுகிறது.

கேரளாவில் இடுக்கி ஒரு மலை மாவட்டம். அங்கே தேயிலைத் தோட்டங்களும் ஏலத் தோட்டங்களும் நிறைய உண்டு. தமிழ்க் குடும்பங்களும் பல தலைமுறைகளாக அங்கே வாழ்கின்றன. சமமான நிலம் அங்கே குறைவு. பல வீடுகள் சரிவில்தான் நிற்கின்றன.

அப்படி ஒரு சரிவில் ஒரு குடும்பம். நிலம் 10 செண்ட். நடுவில் வீடு. வீட்டுக்குப் பின்னால் எட்டடி உயர மண்திட்டு. வீடு கட்டும்போது மேட்டைச் செங்குத்தாக வெட்டினார்கள். அதனால் வந்த திட்டு அது. முன்பக்கம் நிலம் சாலை வரை சரிந்து இறங்குகிறது.

சித்திரையில் மகளுக்குக் கல்யாணம். வீட்டு வாசலிலேயே பந்தல் போட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பந்தலுக்குச் சமமான இடம் வேண்டுமே!

"ஜேசிபியைக் கூப்பிடுவோம். பின்னால் இன்னும் பத்தடி வெட்டுவோம். அந்த மண்ணை முன்னால் தள்ளுவோம். ஒரே நாளில் முற்றம் தயார்" என்றார் அவர்.

அவர் மனைவிக்கு மனம் ஒப்பவில்லை. போன ஆடியில் ஒரு நாள் இரவு அந்தத் திட்டு சரிந்தது. அடுப்படி ஜன்னல் வரை மண் வந்தது. நல்ல வேளை, அப்போது அடுப்படியில் யாரும் இல்லை.

"திட்டின் அடியை வெட்டினால் திட்டு எதன்மேல் நிற்கும்? முதலில் தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே போகிறது என்று பார்க்கலாம்ங்க" என்றார்.

அடுத்த மழையில் தாயும் மகளும் குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார்கள். பார்த்ததை மகள் நோட்டில் படமாக வரைந்தாள். மேட்டில் இருந்து வரும் தண்ணீர் திட்டின் உச்சியில் இறங்கியது. கூரைத் தண்ணீர் திட்டின் அடியில் விழுந்தது. குளியலறைத் தண்ணீர் முன்சரிவை அறுத்துக்கொண்டு சாலைக்கு ஓடியது. மூன்று தண்ணீருக்கும் ஒழுங்கான வழி இல்லை.

எவ்வளவு தண்ணீர் அது? மகள் கணக்குப் போட்டாள். 10 செண்ட் என்பது ஏறக்குறைய 400 சதுர மீட்டர். அதில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டர் தண்ணீர் விழும். 200 லிட்டர் டிரம்மில் பிடித்தால் 200 டிரம்! மலையில் ஒரே நாளில் இவ்வளவு மழை பெய்வது உண்டு. மேட்டில் இருந்து வரும் தண்ணீர் தனி.

அப்பா கணக்கைப் பார்த்தார். பிறகு ஜேசிபி பற்றிப் பேசவில்லை.

முதல் வேலை, மேட்டுத் தண்ணீரைத் திருப்புவது. திட்டின் உச்சிக்குச் சற்று மேலே, சரிவுக்குக் குறுக்கே ஒரு வாய்க்கால் வேண்டும். அது ஒரு பக்கமாக மெல்ல இறங்க வேண்டும். பாறை உள்ள ஓடையில் போய்ச் சேர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தலையில் தண்ணீரை விடக் கூடாது.

கண்ணால் பார்த்து மட்டம் சொல்ல முடியாது. மலையில் கண் ஏமாற்றும். அதற்கு மூன்று கம்புகள் போதும். ஆறடிக் கம்புகள் இரண்டை மேல்நுனியில் சேர்த்துக் கட்ட வேண்டும். கால்களை அகட்டி வைத்து, நடுவில் குறுக்குக் கம்பு கட்ட வேண்டும். உச்சியில் இருந்து ஒரு நூலில் கல்லைத் தொங்கவிட வேண்டும்.

இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் குறி போடுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி, அதே இரண்டு புள்ளிகளில் ஊன்றுங்கள். மறுபடியும் குறி போடுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடு இடம்தான் மட்டக்குறி. நூல் அங்கே நின்றால் இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் உள்ளன. சட்டத்தை ஒவ்வொரு அடியாக நகர்த்தி, கால் படும் இடங்களில் முளை அடித்தால் சரிவின் குறுக்கே ஒரு மட்டக்கோடு கிடைக்கும். வாய்க்காலுக்கு மட்டும் நூல் மட்டக்குறியில் இருந்து ஒரு விரல் அளவு விலகி நிற்கட்டும். அப்போதுதான் தண்ணீர் தேங்காமல் ஓடும்.

மழைக்குழி வெட்டினால் என்ன? சமவெளியில் அது மிக நல்லது. வீட்டுக்கு மேலே செங்குத்தான சரிவில் அது ஆபத்து. குழியில் இறங்கும் நீர் மண்ணை ஊற வைக்கும். ஊறிய மண் கனக்கும், பிடிப்பு இழக்கும். 

அடுத்தது திட்டு. ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, மழை முழுவதும் நின்ற பிறகு தை மாதத்தில் வேலை தொடங்கியது. மேஸ்திரி திட்டின் அடியைத் தொடவில்லை. மேலே இருந்து வெட்டிக்கொண்டு வந்தார். ஒரே எட்டடிச் சுவர் போல இருந்த திட்டு, நாலடி உயரத்தில் இரண்டு படிகளாக மாறியது. இரண்டுக்கும் நடுவில் மூன்றடி அகலத் தளம்.

வெட்டிய மண் முன்பக்கம் போனது. அங்கே மட்டக்கோட்டின் மேல் மூன்றடி உயரத்துக்குக் கல்கட்டு கட்டினார்கள். மலையாளத்தில் இதைக் கையாலை என்பார்கள். அடியில் அகலம், மேலே போகப் போகக் குறுகல். கல்கட்டு மேட்டுப் பக்கம் சற்றே சாய்ந்து நிற்க வேண்டும். கல்லுக்குப் பின்னால் சின்னக் கற்களை நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் தேங்கும் தண்ணீர் சுவரைத் தள்ளிவிடும். சிமென்ட் பூசிக் கட்டினால் கட்டாயம் இடையிடையே குழாய்த் துண்டு வைத்து நீர் வெளியேற வழி விட வேண்டும். சரிவில் விழும் சுவர்களில் பல, இந்த வழி இல்லாததால்தான் விழுகின்றன. ஆள் உயரச் சுவர் என்றால் மேஸ்திரி போதாது, பொறியாளரைக் கேட்க வேண்டும்.

மண்ணை மொத்தமாகக் கொட்டவில்லை. ஒரு ஜாண் மண், பிறகு திமிசுக்கட்டையால் இடி. மறுபடியும் ஒரு ஜாண்.

செடி கடைசியில்தான். திட்டின் உச்சி ஓரத்தில் வாழை இருந்தது. வாழையின் வேர் ஆழம் போகாது. மரமோ நீர் நிறைந்து கனக்கும். அதை எடுத்துக் கீழே, குளியலறைத் தண்ணீர் போகும் வழியில் நட்டார்கள். மரவள்ளியையும் கீழே கொண்டுபோனார்கள். கிழங்கு பிடுங்கும் போதெல்லாம் மண் இளகுமே! படிகளின் ஓரத்தில் அன்னாசி வைத்தார்கள். வைகாசியில் முதல் மழை விழுந்ததும் சரிவுக்குக் குறுக்கே வெட்டிவேர் நட்டார்கள். அரை ஜாணுக்கு ஒரு குத்து. வெட்டிவேர் கீழ்நோக்கி மூன்று மீட்டர் கூடப் போகும். மேலே புல் நெருங்கி வளர்ந்து வேலி போல மண்ணைத் தடுக்கும். புல்லை அறுக்கலாம். வேருக்கு நல்ல விலை என்று தோண்டினால் மண்ணும் போகும்.

இதெல்லாம் வீட்டு முற்றத்தைக் காக்கும். மலையே சரிந்தால் காக்காது. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் பெரும் நிலச்சரிவு வந்தது. தேயிலைத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் புதைந்தன. சுமார் 70 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களில் 200 பேருக்கும் மேல் இறந்தார்கள். தரையில் புது வெடிப்பு, சாயும் மரம், இறுகிப்போன கதவு, திடீரெனக் கலங்கி வரும் ஊற்று, இவற்றில் எதைக் கண்டாலும் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இரவானாலும் கிளம்ப வேண்டும்.

கல்யாணம் வாசலிலேயே நடந்தது. ஒரே பெரிய பந்தல் போட இடம் இல்லை. மேல் முற்றத்தில் மணமேடை, கீழ் முற்றத்தில் சாப்பாட்டுப் பந்தல். நடுவில் ஏழு படிகள். ஏறி இறங்கியதில் பாட்டிக்குக் கால் வலி. "அடுத்த கல்யாணத்துக்குக் கைப்பிடி வைடா தம்பி" என்று மகனிடம் சொன்னார்.

கணக்குப் போடுங்கள்

1. உங்கள் வீட்டு நிலம் எத்தனை செண்ட்? 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு செண்டில் சுமார் 4,000 லிட்டர் விழும். உங்கள் நிலத்தில் எத்தனை டிரம்?

2. உங்கள் கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது? அங்கிருந்து எங்கே போகிறது? மழை பெய்யும்போது பார்த்துப் படம் வரையுங்கள்.