மூளைநீர் வடிகருவி செய்ய வரும் இளையோருக்கு

அருள்புரம் சாயப்பட்டறைகளில் பேனலும் சென்சாரும் பழகிய கண்ணுகளா, மூளைநீர் வடிக்கும் கருவியைத் தானியங்கியாக்க ஆசைப்படுகிறீர்கள். மகிழ்ச்சி. சில சொல்கிறேன்.

1. முதலில் உடம்பைப் படியுங்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 மி.லி. மூளைநீர் சுரக்கிறது, ஒரு நேரத்தில் உள்ளே இருப்பது 150 மி.லி. அளவே. ரத்தக்கசிவோ கட்டியோ வழியை அடைத்தால் நீர் தேங்கி அழுத்தம் ஏறும். அப்போது குழாய் வைத்து அதை வெளியே ஒரு சொட்டுக் குப்பியில் வடிப்பார்கள்.

2. ஐ.சி.யூ. நர்ஸ் பக்கத்தில் நின்று பாருங்கள். சொட்டுக் குப்பியின் உயரத்தைக் காதுத் துளை மட்டத்திலிருந்து அளந்து வைக்கிறார். நோயாளி எழுந்து உட்கார்ந்தால் நீர் அளவுக்கு மீறி வடியும். மூளையைச் சுற்றி ரத்தம் கசியலாம். அதனால் ஒவ்வொரு அசைவுக்கும் மட்டத்தைச் சரிபார்க்கிறார். உங்கள் கருவி இறக்கவேண்டிய சுமை அதுதான்.

3. வடிந்துகொண்டிருக்கும் குழாயில் காட்டும் அழுத்தத்தை நம்பாதீர்கள். குழாயை மூடி அளப்பதே முறை.

4. சாயப்பட்டறையில் கோளாறு என்றால் டோசிங் பம்பை நிறுத்துகிறோம், துணியோடு போகும். இங்கே வடிதல் நின்றாலும் உயிருக்கு ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து. ஆகவே சந்தேகம் வந்ததும் ஆளைக் கூப்பிடுவதே கருவியின் முதல் கடமை. கரண்ட் போனாலும் பேட்டரியில் அலாரம் அடிக்கட்டும். கையால் மட்டம் வைக்கும் பழைய முறைக்கு உடனே மாற வழி இருக்கட்டும்.

5. குழாயைத் திறக்கும் ஒவ்வொரு இடமும் கிருமி நுழையும் வழி. இணைப்புகளைக் குறையுங்கள். நீர் படும் பாகத்தை ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தியதும் கழித்துவிடுங்கள்.

6. பட்டறை ஆள்தானே என்று கூசவேண்டாம். 1950-களில் மூளைநீர் தேங்கிய தன் மகனுக்காக அதை வடிக்கும் வால்வு செய்த ஜான் ஹோல்ட்டர் அமெரிக்க மெஷினிஸ்ட். அறுவை மருத்துவர் யூஜீன் ஸ்பிட்ஸ் உடனிருந்தார். நீங்களும் மருத்துவரோடு சேர்ந்தே செய்யுங்கள். மேசையில் தண்ணீர் வைத்து எத்தனை சோதித்தாலும், நெறிமுறைக் குழுவின் அனுமதியும் 2017 மருத்துவக் கருவி விதிகளின்படியான ஒப்புதலும் இல்லாமல் நோயாளியிடம் போகாதீர்கள்.

7. விலையையும் வடிவமைப்பிலேயே யோசியுங்கள். உத்தரப் பிரதேசத்து ஷாஜஹான்பூரில் தயாராகும், மூளைநீரை வடிக்க உடலுக்குள் பொருத்தும் குழாயான சாப்ரா ஷண்ட்டை உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் வெளிநாட்டு ஷண்ட்டோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2005-ல் வெளியானது. அப்போது சாப்ரா 35 டாலர், மற்றது 650 டாலர். ஓராண்டுப் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நீங்கள் செய்ய நினைப்பதுபோல் தானே அளந்து வடிக்கும் லிக்வோகார்ட் என்ற கருவி ஜெர்மனியில் ஏற்கனவே இருக்கிறது. நம் அரசு மருத்துவமனைகள் வாங்கக்கூடிய விலையில் ஒன்றைச் செய்யுங்கள்.